கடைசிப் பெட்டி தெரியும் அறை

பதினேழாவது மாடி. அறைக்குள் நுழைந்ததுமே எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. சுருக்கமில்லாத வெள்ளை விரிப்பு, காலுக்கு இதமான கம்பளம், குழாயைத் திருகினால் சுடச்சுட வெந்நீர். சமையல் இல்லை, பாத்திரம் இல்லை. ராத்திரி மகாராணி மாதிரி தூங்கினேன்.

ஆனால் நாங்கள் ஊர் சுற்ற வந்தவர்கள் இல்லை. எங்கள் மகள் ரயில் ஓட்டுகிறாள். இத்தனை நாள் உதவி டிரைவர். இன்று காலைதான் முதல் முறையாக ஒரு வண்டியை அவள் பொறுப்பில் கொடுக்கிறார்கள், ஹோட்டலுக்கு எதிரே இருக்கும் ஸ்டேஷனில். நாங்கள் பிளாட்பாரத்துப் பக்கமே வரக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

"நீ வந்தா அழுவே. அப்பா வந்தா குத்தம் கண்டுபிடிப்பாரு. எனக்கு ரெண்டுமே வேண்டாம்மா."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. என் வீட்டுக்காரர் ரயிலில் கார்டாக இருந்தவர். கடைசிப் பெட்டியில் கொடி பிடித்தே காலம் தள்ளியவர். ஒரு டிரைவரையாவது நன்றாக ஓட்டினான் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குறை தேடுவார். அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வராதா என்று மகள் ஏங்குவது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். வாய் திறக்க வேண்டுமே!

அதனால்தான் திருட்டுத்தனமாக இந்த ஹோட்டல். மேலிருந்து பார்த்தால் அவளுக்குத் தெரியப்போவதில்லை. அவரே முன்கூட்டி வந்து அறையைப் பார்த்துவிட்டுப் போனார். ரயில் நன்றாகத் தெரிகிற அறை என்று பெருமை வேறு.

காலையில் குளித்து, நல்ல துணி உடுத்தி, ஆசை ஆசையாகத் திரையை விலக்கினேன். பிளாட்பாரக் கூரை நீளமாகக் கிடந்தது. அதற்கு வெளியே ஒரே ஒரு பெட்டி நீட்டிக்கொண்டிருந்தது.

"எஞ்சின் எங்கங்க?"

"அது அந்தக் கோடியில, கூரைக்கு அந்தப் பக்கம். இதுதான் கடைசிப் பெட்டி. பின் விளக்குகூட எவ்வளவு தெளிவாத் தெரியுது பாரு!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எம்பொண்ணு என்ன பின் விளக்குலயா உக்காந்திருக்கா? ரயிலுன்னா உங்களுக்கு வால்தானா?"

மனுஷர் திருதிருவென்று விழித்தார். அப்போதுதான் அவருக்கே உறைத்தது. ரயிலைப் பார்ப்பதென்றால் கடைசிப் பெட்டியைப் பார்ப்பது என்று அவருக்கு ஊறிப்போயிருக்கிறது. அந்தக் கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் வண்டி கிளம்பும் நேரம் நெருங்கிவிட்டது.

கதவைத் திறந்தேன். அறை சுத்தம் செய்யும் பெண் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவளிடம் விஷயத்தைக் கொட்டினேன்.

"அடடா! அந்தக் கோடி ரூம் இப்பத்தாம்மா காலியாச்சு. பெட் மாத்தத்தான் போறேன். அங்கேருந்து எஞ்சின் தெரியும். வாங்க, ஜன்னல்கிட்ட நின்னு பாத்துக்கங்க."

"என்னங்க, சீக்கிரம் வாங்க!" செருப்பை மாட்டிக்கொண்டே கத்தினேன். அவர் அசையவில்லை. நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றார்.

"இந்தா... வண்டி போகுது."

ஓடி வந்து பார்த்தேன். பெட்டியில் பாதி கூரைக்குள் போய்விட்டிருந்தது. திறக்க முடியாத ஜன்னல், ஊதல் சத்தம்கூட மேலே வரவில்லை.

"ஐயோ, எடுக்கும்போது பாக்கலையே! நீங்களாவது கூப்பிட்டிருக்கக் கூடாதா? கண்ண எங்க வெச்சிருந்தீங்க?" அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"பாத்துக்கிட்டேதான் நின்னேன். எனக்கே தெரியல."

"என்ன தெரியல?"

"வண்டிய எடுத்தது தெரியல." அவர் திரும்பினார். "டிரைவர் அவசரப்பட்டா, பெட்டியெல்லாம் ஒண்ணையொண்ணு இழுத்து, அந்த உதை கடைசிப் பெட்டியிலதான் வந்து விழும். எத்தனை தரம் முழங்கை பேந்து வந்திருக்கேன், நீதானே மருந்து போட்டே! முன்னாடி நின்னு பாத்தா எல்லாரும் நல்ல டிரைவர்தான். இவ... ஒரு குலுக்கல் இல்லடி. பக்கத்துக் கம்பத்தப் பாத்தப்புறம்தான் வண்டி நகருதுன்னே புரிஞ்சுது."

அவர் குரல் உடைந்துவிட்டது. நான் அழுதே விட்டேன். வாசலில் நின்ற பெண் என்ன ஏது என்று புரியாமல் வண்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து நீட்டினாள்.

"இத அவகிட்ட சொல்லுங்க" என்றேன்.

"நாம வந்தது தெரிஞ்சா கோவிச்சுக்குவா."

"கோவிச்சுக்கட்டும். சொல்லுங்க."

"ஓட்டும்போது போன் எடுக்க மாட்டா. எடுக்கவும் கூடாது."

"பேசி அனுப்பி வையுங்க. இறங்கினதும் கேப்பா."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து செல்போனை வாய்க்கு நேரே பிடித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"டிரைவரம்மா, கார்டு பேசறேன். வண்டிய எடுத்ததே தெரியல."