பத்தரைக்குள் ஒரு சேலை

காஞ்சிபுரம் காந்தி ரோட்டுப் பட்டுக் கடை ஒன்றில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். என்ன வேலை என்று யாராவது கேட்டால், வருகிறவர்களை உட்கார வைப்பேன் என்பேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். இதற்கெல்லாமா சம்பளம் தருகிறார்கள் என்று என் மைத்துனனே கேட்டிருக்கிறான். கல்யாண மாதத்து வெள்ளிக்கிழமை காலையில் ஒரே ஒரு மணி நேரம் என் இடத்தில் வந்து நின்றால், அந்தச் சிரிப்பு எங்கே போகிறது என்று பார்க்கலாம்.

முகூர்த்தச் சேலை எடுக்கிறவர்கள் கடை திறந்திருக்கிற நேரம் பார்த்து வருவதில்லை. காலண்டர் தாளில் போட்டிருக்கிற நேரம் பார்த்து வருகிறார்கள். வெள்ளிக்கிழமை என்றால் ஒன்பதரையிலிருந்து பத்தரை வரை நல்ல நேரம். பத்தரை அடித்தால் ராகு காலம். அந்த ஒரு மணி நேரத்துக்குள் முப்பது நாற்பது குடும்பம் வேன் வேனாக வந்து இறங்கும். குடும்பத்துக்குப் பத்துப் பேர். கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணைத் தவிர, கருத்துச் சொல்ல எல்லாரும் வந்திருப்பார்கள். எங்களிடம் இருப்பதோ சேலை விரித்துக் காட்டுகிற பன்னிரண்டு மெத்தை. ஒரு குடும்பம் மெத்தையில் உட்கார்ந்தால் ஒன்றரை மணி நேரத்துக்கு எழுந்திருக்காது.

இதை நான் சமாளித்த விதம் ரொம்பச் சாதாரணம். உள்ளே நுழைகிற ஒவ்வொரு குடும்பத்திடமும் நானே ஓர் அரக்குச் சேலையை எடுத்துக்கொண்டு போவேன். நேரம் போகிறது, முதலில் இதைக் கையில் வாங்கிக் கவர்மேல் ஒரு பொட்டுக் குங்குமம் வைத்துவிடுங்கள், மற்றதை நிதானமாகப் பார்க்கலாம் என்பேன். வீட்டுக்குப் பெரிய சுமங்கலி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அவ்வளவுதான், நல்ல நேரத்தில் சேலை எடுத்தாயிற்று. அதற்கப்புறம் ராகு வந்தாலென்ன, கேது வந்தாலென்ன, காபியைக் குடித்துக்கொண்டு மத்தியானம் வரை முகம் சுளிக்காமல் காத்திருப்பார்கள். ஒரு குடும்பத்துக்கு இரண்டு நிமிடம். மூன்று மணி நேரம் கடையையே கலைத்துப் போட்டுவிட்டு, கடைசியில் அந்த அரக்குச் சேலையையே எடுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

முதலாளி கோதண்டபாணிக்கு முட்டி ஆபரேஷன் ஆனதும் மகன் சிவராஜ் கல்லாவுக்கு வந்தான். படித்தவன். சென்னையிலிருந்து இரண்டு பேரை வரவழைத்தான். அவர்கள் பத்து நாள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற தலைகளை எண்ணினார்கள். ஒரு நாளைக்கு எழுபது குடும்பம் வருகிறது, பன்னிரண்டு மணி நேரத்தில் இந்த மெத்தைகளில் தொண்ணூறு குடும்பத்தை உட்கார வைக்கலாம், ஆகவே இடம் தாராளம், வரிசையில்தான் ஒழுங்கு இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். இப்படிச் சராசரி போட்டால் வரதர் கருட சேவை அன்றுகூடத் தெருவில் பாய் விரித்துப் படுக்க இடம் இருக்கும். ஆனால் நான் சொன்னால் யார் கேட்பார்கள்?

இல்லை, இது பொய். கேட்டார்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

திங்கட்கிழமை எங்களை எல்லாம் கூட்டி வைத்து, வருகிற வெள்ளிக்கிழமை முதல் டோக்கன் என்று சிவராஜ் சொன்னான். வாசலில் ஒரு மிஷின் சீட்டுத் தரும். சுவரில் நம்பர் எரியும். நம்பர் வந்தால் மெத்தைக்குப் போகலாம், இல்லாவிட்டால் நாற்காலியில் இருக்க வேண்டும். வாசலில் ஆள் தேவைப்படாது என்று அந்த ரிப்போர்ட்டில் ஒரு வரி இருந்ததையும் வாசித்தான். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"கைலாசண்ணா, இத்தினி வருஷமா கூட்டத்த நீங்கதான் பாத்துக்கினு இருக்கீங்க. எப்டி பண்றீங்கன்னு சொல்லுங்க. சிஸ்டத்துல சேத்துக்கலாம்."

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். எனக்கோ வயிறு எரிந்தது. வாசலில் ஆள் தேவையில்லையாம், ஆனால் அந்த ஆளின் மண்டையில் இருப்பது மட்டும் தேவையாம். வெள்ளிக்கிழமை வரட்டும், பத்தரை மணிக்கு என் காலைத் தேடி ஓடி வருவீர்கள் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

"உக்கார வப்பேன் தம்பி. அவ்ளோதான்" என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் மகள் இளவரசிக்குத் தென்னேரியில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் செய்திருந்தோம். முகூர்த்தச் சேலை பிள்ளை வீட்டார் எடுப்பது. வேறு எங்கேயோ எடுப்பதாக இருந்தவர்களை, நம் கடை இருக்கும்போது அங்கே எதற்கு என்று நான்தான் வற்புறுத்தினேன். நாளும் நான்தான் குறித்தேன். மாப்பிள்ளையின் அம்மா பொன்னியம்மாள் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மூத்த மகன் கல்யாணத்துக்கு ராகு காலத்தில் சேலை எடுத்தார்களாம். அந்த மருமகள் எட்டே மாதத்தில் அம்மா வீட்டுக்குப் போனவள், திரும்பி வரவில்லை. அதனால் பத்தரைக்குள் சேலை அவர் கையில் இருக்க வேண்டும். அது என் பொறுப்பு, உங்களை நிற்கக்கூட விட மாட்டேன் சம்பந்தி என்று நெஞ்சைத் தட்டிச் சொல்லி வைத்திருந்தேன்.

டோக்கன் செய்தி தெரிந்த பிறகும் நாளை மாற்றவில்லை. கடையே சந்தி சிரித்தாலும் என் மனிதர்களுக்கு ஒரு சேலையை எடுத்துக் கையில் கொடுக்க என்னால் முடியாதா என்று நினைத்தேன். வாசலில் நிற்கிறவனுக்கு இருக்கிற திமிர் முதலாளிக்குக்கூட இருக்காது.

வெள்ளிக்கிழமை ஒன்பது ஐம்பதுக்குப் பொன்னியம்மாள், அவர் கணவர் ராமலிங்கம், சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வந்து இறங்கினார்கள். மிஷின் இருபத்தேழு என்று சீட்டுக் கொடுத்தது. சுவரில் பன்னிரண்டு எரிந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு மெத்தையும் நிரம்பியிருந்தன. இனி யாராவது எழுந்தால்தான் பதின்மூன்று.

லேசில் யாரும் எழவில்லை. பத்து மணிக்கும் பன்னிரண்டு. பத்தேகாலுக்குப் பதினான்கு. நாற்காலிகளில் இருந்தவர்கள் சுவரில் நம்பரைப் பார்ப்பார்கள், கடிகாரத்தைப் பார்ப்பார்கள், கையிலிருக்கும் சீட்டைப் பார்ப்பார்கள். முன்பெல்லாம் யார் முன்னால் வந்தார்கள், யார் பின்னால் வந்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது, எனக்கு மட்டும்தான் தெரியும். இப்போது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பொன்னியம்மாள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் குளிர்ந்திருந்தது என்பதையும் மறைக்கப் போவதில்லை. சிவராஜ் முகம் வெளுத்து இங்கும் அங்கும் நடப்பதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அந்த ருசியில் ஐந்து நிமிடம் கூடுதலாக நின்றுவிட்டேன்.

பத்து இருபதுக்கு அலமாரியிலிருந்து ஓர் அரக்குச் சேலையை எடுத்துக்கொண்டு பொன்னியம்மாளிடம் போனேன். அவர் கையை நீட்டினார். அதற்குள் பின்னால் ஒருவர் எழுந்து, நாங்கள் இருபத்தொன்று, உட்கார்ந்திருக்கிறோம், இருபத்தேழுக்கு எப்படிச் சேலை போகிறது என்று சத்தம் போட்டார். அவரோடு இன்னும் நாலு பேர் எழுந்தார்கள். நாங்கள் என்ன இளிச்சவாயர்களா என்றார்கள். சிவராஜ் ஓடி வந்து சேலையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"உங்க வூட்டு ஆளுங்கன்னா தனி வரிசையாண்ணா?"

அப்போதுதான் சொன்னேன். யாரையும் மெத்தைக்கு அனுப்ப வேண்டாம், காத்திருக்கிறவர்களுக்கு ஆளுக்கொரு சேலையைக் கையில் கொடுத்துக் குங்குமம் வைக்கச் சொன்னால் போதும், பத்தரைக்குள் முடிந்துவிடும், இத்தனை வருடமும் அப்படித்தான் செய்தேன் என்று சொன்னேன்.

"திங்கக்கெழம கேட்டேனேண்ணா. அப்ப ஏன் சொல்லல?"

கெட்டிக்காரன், சட்டென்று பிடித்துக்கொண்டான். மூன்று பேரைக் கூப்பிட்டு அலமாரியிலிருந்து சேலைகளை அள்ளச் சொன்னான். தானே குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு நாற்காலி நாற்காலியாகப் போனான். ஆனால் டோக்கன் வரிசைப்படி போனான். இத்தனை சத்தத்துக்குப் பிறகு அவனால் வேறு எப்படிப் போக முடியும்? பதினைந்து, பதினாறு, பதினேழு. நான் அவன் பின்னாலேயே சேலையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். இருபத்துநாலாவது குடும்பத்துக் கிழவி குங்குமம் வைத்துக்கொண்டிருந்தபோது கடிகாரத்தில் பத்தரை ஆனது.

பொன்னியம்மாள் நீட்டியிருந்த கையை மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் எழுந்தார். கோபமாக ஒரு வார்த்தை பேசியிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

"உங்க மேல தப்பில்ல சம்பந்தி. வாசல்ல நிக்கிறவரு நீங்க, பாவம் என்னா பண்ணுவீங்க" என்றார்.

வேனில் ஏறிப் போய்விட்டார்கள். அடுத்த புதன்கிழமை அதே வேன் எதிர்க் கடை வாசலில் நின்றது. எனக்குச் சொல்லவில்லை. எங்கள் வாசலிலிருந்து பார்த்தேன். உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, நல்ல நேரத்திலேயே எடுத்துக்கொண்டு போனார்கள்.

எங்கள் கடையில் இப்போது நுழைந்ததும் ஒரு மேசை. இரண்டு பெண்கள் உட்கார்ந்து, சீட்டு வாங்கினவுடன் முதல் சேலையைக் கையில் கொடுத்துக் குங்குமம் வைக்கச் சொல்கிறார்கள். எத்தனை கூட்டம் வந்தாலும் முணுமுணுப்பு இல்லை. சென்னை ஆட்கள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். சிவராஜ் என்னை வேலையிலிருந்து நீக்கவில்லை, அவன் அவ்வளவு கெட்டவன் இல்லை. வாசலுக்கு வெளியே செருப்பு வாங்கி வைத்து டோக்கன் கொடுக்கிறேன். ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

போன ஞாயிற்றுக்கிழமை பிள்ளை வீட்டிலிருந்து ஜாக்கெட் தைக்கச் சேலையைக் கொடுத்து அனுப்பினார்கள். பை மேல் எதிர்க் கடையின் பெயர். என் மனைவி கமலவேணி அதைப் பிரிக்கக்கூட இல்லை. மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே சிவராஜைத் திட்ட ஆரம்பித்தாள். மிஷின் வைத்து என் மகள் கல்யாணத்தில் மண்ணைப் போட்டானே, அவன் குடி விளங்குமா, அவன் வீட்டில் நல்ல காரியம் நடக்குமா என்று மூச்சு விடாமல் சபித்தாள். சம்பந்தியம்மா இனி ஆயுசுக்கும் இதைச் சொல்லிக் காட்டுவாள், என் மகள் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டுமே என்று அழுதாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

இளவரசி எனக்கு மோர் ஊற்றினாள். அம்மாவைப் போல அவள் கத்தவில்லை. எனக்காகத்தான் அவள் வருத்தப்பட்டாள்.

"வுடும்மா. எங்கப்பாவுக்குத் தெரியாததா? அந்த ஆளு முன்னாடியே ஒரு வார்த்த கேட்டிருந்தா அப்பா சொல்லியிருக்கும். இல்லப்பா?"

"கேக்கலியேம்மா" என்றேன்.