கார்ஹிங்கில் கொதிக்கும் தண்ணீர்

புதன்கிழமை காலை புது வெப்பமானி வந்தது. வேலையில் போடுவதற்கு முன் கொதிக்கும் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன். 98.4 காட்டியது. தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும் என்றுகூடத் தெரியாத வெப்பமானியை வைத்து நான் என்ன செய்ய? விற்ற கம்பெனிக்குக் காரசாரமாக ஒரு மெயில் எழுதினேன். அனுப்பப் போகும்போது சுவரிலிருந்த காற்றழுத்தமானி கண்ணில் பட்டது. மெயிலை அழித்தேன்.

நான் நாகப்பட்டினத்துக்காரி. கடல் மட்டத்தில் பிறந்து கடல் மட்டத்தில் படித்தவள். எங்கள் ஊரில் தண்ணீர் நூறில்தான் கொதிக்கும். நான் இப்போது வேலை பார்க்கும் இந்த வெளிநாட்டு ஊர், கார்ஹிங், கடலைவிடக் கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு, 98.4-லேயே தண்ணீர் கொதித்துவிடும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் போன அக்டோபரில் பழைய வெப்பமானியைச் சரிபார்த்தபோது, ஐஸில் பூஜ்யம், கொதிநீரில் நூறு என்று குறித்துக் கையெழுத்துப் போட்ட மகராசி நான்தான்.

அதன் பிறகு கிரிதர் எடுத்த அளவுகளுக்கெல்லாம் அவன் கலோரிமீட்டரில் இருந்தது அந்தப் பழைய வெப்பமானிதான். நானும் அவனும் ஒரே ஆய்வகம், பக்கத்துப் பக்கத்து மேசை. அவன் கருவி பார்க்கச் சாதாரணமாக இருக்கும்: வெப்பம் தப்பாமல் போர்த்திய செம்புப் பாத்திரம், உள்ளே தண்ணீர், ஒரு மூடி, ஒரு கலக்கி. சூடாக்கிய உப்புக் குப்பியை அதில் இறக்கினால் உப்பின் வெப்பம் தண்ணீருக்குப் போகும். ஒரு கிராம் தண்ணீர் ஒரு டிகிரி ஏற 4.2 ஜூல் வேண்டும்; அதுதான் தண்ணீரின் தன்வெப்பம். எவ்வளவு தண்ணீர், எத்தனை டிகிரி ஏறியது என்று பார்த்து, பாத்திரம் எடுத்துக்கொண்ட பங்கையும் சேர்த்தால், உப்பு கொடுத்த வெப்பம் தெரிந்துவிடும். எல்லாமே அந்த டிகிரியை நம்பித்தான். 98.4-ஐ நூறு என்று நான் குறித்த வெப்பமானியோ ஏற்றத்தை நூற்றுக்கு ஒன்றரை பங்குக்கு மேல் கூட்டிக் காட்டியிருக்கிறது.

கிரிதரின் மூன்று வருட உழைப்பின் முடிவு என்ன? வீடுகளுக்கான வெப்பத்தைச் சேமிக்க அவன் செய்த புது உப்பு, புத்தகத்தில் போட்டிருக்கும் பழைய உப்பைவிட நூற்றுக்கு ஒன்றரை பங்கு அதிகம் சேமிக்கிறது. அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை அவனுக்கு வைவா, டாக்டர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. பட்டம் கைக்கு வந்தால் ஹாம்பர்க்கில் வேலை.

காபி மெஷின் பக்கத்தில் அவனைப் பிடித்தேன்.

"கிரி, உன் தெர்மாமீட்டரை நான் தப்பா கேலிப்ரேட் பண்ணிட்டேன். ஸாரிடா."

அவன் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.

"பாயிலிங் பாயின்ட்தானே? ஜனவரியிலேயே பார்த்துட்டேன்."

"தெரிஞ்சுமா தீஸிஸ் சப்மிட் பண்ணின?"

"மூணு வருஷம், ப்ரியா. ஒன்றரை பர்சென்ட்ல யாரு சாகப் போறா? ஃப்ரைடே வரைக்கும் பேசாம இரு. உன் கான்ட்ராக்டும் ஜூன்ல முடியுது. ஷீட்ல இருக்கறது உன் சைன்."

காலையிலிருந்து இவனுக்காகத்தான் கழிவறையில் உட்கார்ந்து அழுதேன் என்று நினைத்தபோது பற்றிக்கொண்டு வந்தது. பயமும் இருந்தது. வேலை போனால் விசா என்ன ஆகும் என்றும் யோசித்தேன்.

"நீயே போய்ச் சொல்லு கிரி. நானும் கூட வரேன்."

அவன் கப்பைக் கழுவப் போனான்.

நான் அக்டோபர் தாளைத் தேடி எடுத்தேன். நூறை அடித்து 98.4 என்று எழுதி, அன்றைய தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு, கிரிதரின் ஆய்வை வழிநடத்தும் பேராசிரியரின் அறைக்குக் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

"யார் அளந்தது?"

"நான்தான்."

தாளின் ஓரத்தில் பென்சிலால் கணக்குப் போட்டார். கடைசியில் புது உப்புக்கும் பழைய உப்புக்கும் வித்தியாசமே மிஞ்சவில்லை. வெள்ளிக்கிழமை தேர்வு நடக்காது, கிரிதர் எல்லாவற்றையும் மறுபடி அளக்க வேண்டும் என்றார். என்னை ஒன்றும் திட்டவில்லை. பிறகு நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

"கிரிதருக்கு இது தெரியுமா?"

ஜனவரியிலேயே தெரியும் என்று சொன்னால் அவனுக்கு மறுபடி அளக்கும் வாய்ப்பே கிடைக்காது. அவனை வெளியே அனுப்பிவிடுவார்கள்.

"இப்போதுதான் அவனிடம் சொன்னேன்," என்றேன்.

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. பேராசிரியர் தலையை ஆட்டிவிட்டு, என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார். அக்டோபரில் நான் எழுதிய நூறு தெரியாமல் செய்த தப்பு. இதைத் தெரிந்தே செய்தேன். அவர் பேனாவை மூடும்வரை என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.