இருவர் பெயரில் ஒரு கடை

எழுந்தான். பல் துலக்கினான். பாலை அடுப்பில் வைத்து, பொங்குவதற்குள் அணைத்தான். குடித்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்த்தான். இன்னொரு தடவையும் இழுத்துப் பார்த்தான்.

வாசலில் மச்சான், மனைவியின் அண்ணன், வண்டியோடு நின்றார். "சீப்புன்னு ஒண்ணு கண்டுபிடிச்சிருக்காங்க மாப்ள, தெரியுமா?"

அன்று நேர்முகம். கிண்ணத்தில் சோறும் கறியும் போட்டு விற்கிற ஜப்பான் கம்பெனி அழைத்திருந்தது. அதன் பெயரில் கடை நடத்த அவனும் மனைவியும் சேர்ந்து விண்ணப்பித்திருந்தார்கள். தம்பதியாகத்தான் நடத்த வேண்டும் என்பது விதி. நேர்முகத்துக்கு அழைப்பு வந்தபோது அவள் இல்லை. அவன் வேலையையும் விட்டாயிற்று. வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஓயாமல் சத்தம் கேட்கிற இடம் ஒன்று வேண்டும். இந்தக் கடையை விட்டால் வேறு கதியில்லை.

மாதிரிக் கடையில் தேர்வு வைத்தார்கள். கதவு திறந்தால், கைவேலையை நிறுத்தாமல், "வாங்க!" என்று உரக்கக் குரல் கொடுக்க வேண்டும். அவன் கிண்ணத்தில் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது.

"வந்துட்டியா?" என்றான்.

கரண்டி அந்தரத்தில் நின்றது. வாடிக்கையாளராக நடிக்க வந்த கம்பெனிக் கணக்கர் திருதிருவென விழித்து, "வந்துட்டேன் சார்" என்றார்.

தேர்வு நடத்திய அதிகாரி அம்மாள் சிரிக்கவில்லை. "உங்க மனைவி வரலையா?"

பக்கத்தில் வந்து நின்ற மச்சான் முந்திக்கொண்டார். "தவறிட்டா மேடம். என் தங்கச்சிதான். 'எப்படியாவது அந்தக் கடையை எடுத்து நடத்துங்க'ன்னு சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினா." வழியெல்லாம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு வந்த அதே வசனம்.

அதிகாரியின் முகம் இளகியது. "அப்படின்னா உங்க ஒருத்தர் பேருக்கே தரச் சொல்லி மேலிடத்துக்கு எழுதுறேன்." அவன் பக்கம் திரும்பினார். "கடைசியா அதைத்தான் சொன்னாங்களா?"

மச்சான் அவன் காலை மிதித்தார். தலையை ஆட்டினால் போதும். அவன் தேர்வுக்காக இடுப்பில் கட்டிவிட்டிருந்த சமையல் மேலங்கியின் முடிச்சை அவிழ்த்தான், கட்டினான், மறுபடி அவிழ்த்தான்.

"இல்ல மேடம்."

"யோவ் மாப்ள, வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருய்யா!"

"பின்ன என்ன சொன்னாங்க?" என்றார் அதிகாரி.

"ஆஸ்பத்திரியில, பக்கத்துலதான் இருந்தேன். 'சாப்டேன்னு பொய் சொல்லாதீங்க. கேன்டீனை மூடிடுவான், ஓடுங்க'ன்னா."