பென்சில் வட்டம்

2019 நவம்பர் 16, சனிக்கிழமை காலை, சீனாவின் லான்சோ நகரப் பயிற்சி வகுப்பொன்றில் முப்பத்தொருவர் ஆங்கில மாதிரித் தேர்வு எழுதினர். ஒரு பத்தியில், ஆங்கில எழுத்துகளில் எழுதப்பட்ட சீனச் சொல் ஒன்று வந்தது. முப்பது பேர் அங்கேயே சிக்கினர். தாவ் ரோங் மட்டும் முழு மதிப்பெண் பெற்றாள்.

வினாத்தாளை முன்பே பார்த்தவரை வகுப்பிலிருந்து நீக்குவது விதி. ஆசிரியை மியாவ் அவளைத் தனியே அழைத்தார்.

"தாள் உன் கைக்கு எப்படி வந்துச்சு?"

"வரலை டீச்சர். அந்தச் சொல் எனக்கும் தெரியலை. ஏதோ பேருன்னு வட்டம் போட்டுட்டு மேல படிச்சேன். அடுத்த வரியிலயே விளக்கம் இருந்துச்சு."

"கதை அளக்காதே! நம்ம மொழிச் சொல் தெரியலைன்னு சொல்ல வெட்கமா இல்ல?"

"மத்தவங்க வெட்கப்பட்டுத்தான் டீச்சர், அது எந்தச் சீன எழுத்துன்னு தேடி நேரத்தைத் தொலைச்சாங்க. ஒரே உச்சரிப்புக்கு நம்மகிட்ட எத்தனையோ எழுத்து இருக்கே."

மியாவ் நம்பவில்லை. எல்லாத் தாள்களையும் வரவழைத்தார். மற்றவர்களின் தாள் ஓரங்களில், ஊகித்து ஊகித்து எழுதி அடித்த சீன எழுத்துகள் மொய்த்தன. ஒரு தாளில் மட்டும் பதினொன்று. ரோங்கின் தாளில் அந்தச் சொல்லைச் சுற்றி ஒரே ஒரு பென்சில் வட்டம் இருந்தது. தாளை முன்பே பார்த்தவளுக்கு அந்த வட்டம் தேவைப்பட்டிருக்காது.

அவளுடைய மதிப்பெண் நிலைத்தது, வகுப்பிலும் தொடர்ந்தாள். திங்கள் முதல், ஓரத்தில் சீன எழுத்து எழுதுவோருக்கு ஒரு மதிப்பெண் குறைக்கப்படும் என்று மியாவ் முடிவு செய்தார்.