ஜெப ஷீலாவின் தலைப்பாரம்

1997ஆம் வருஷம் தைப்பொங்கல் கழிந்த மறுவாரம், பாலவனத்தத்திலிருந்து அருப்புக்கோட்டைக்குப் போகும் காலை பஸ்ஸில் ஜெப ஷீலாவின் தலைக்குத் தனியாக லக்கேஜ் டிக்கெட் போட்டார்கள். கண்டக்டர் காளிராஜ் தன்மையான மனுஷன், அவருக்கும் அது சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் இடதுபக்கம் உட்கார்ந்தால் பஸ் இடதுபக்கம் சாய்ந்தது, வலதுபக்கம் மாறினால் வலதுபக்கம் சாய்ந்தது. ஸ்டியரிங்கை இழுத்துப் பிடித்து ஓட்டி ஓட்டி டிரைவருக்குக் கை வீங்கிவிட்டது. "யக்கா, கோவிச்சுக்கிறாதீக. வத்தல் மூடைக்கெல்லாம் டிக்கெட் போடுறேன். செக்கிங் வந்தா உங்க தலைக்கு ஏன் போடலைன்னு என்னையத்தான கேப்பாக" என்றார் காளிராஜ். ஜெப ஷீலா சில்லறையை எடுத்து நீட்டினாள். நீட்டிய கையில் தோள்பட்டையிலிருந்து ஆணி அடித்தாற்போல ஒரு வலி இறங்கி விரல்நுனி மரத்துப்போனது. அவளுக்கு அந்த வலிதான் பெரிதாக இருந்ததே தவிர டிக்கெட் அல்ல. மறுநாளிலிருந்து பின்சக்கரங்களுக்கு நேர்மேலே, நடுவழியில் ஒரு முக்காலி போட்டு அவளை உட்காரவைத்தார்கள். பஸ் சாயாமல் போனது.

அவள் தலை பிறவியிலேயே அப்படிக் கனத்ததில்லை. தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவள், கல்யாணமாகி வந்த புதிதில் வேதக்கோயிலுக்கு நடந்து போனால் அவள் நடையை ஊரே பார்க்கும். கணவன் லாரன்ஸ் நூல் மில்லில் பிட்டர். மகள் ஈவாவுக்கு இரண்டு வயது நடந்துகொண்டிருந்தபோது, 1995 கடைசியில், அருப்புக்கோட்டையில் பிரஸ் வைத்திருந்த ஐயாத்துரை அச்சுக்கோர்க்கும் ஈய எழுத்தையெல்லாம் பழைய விலைக்குத் தள்ளிவிட்டு மதுரையிலிருந்து ஒரு கம்ப்யூட்டரை வாங்கி இறக்கினார். அதை வைக்கத் தோதான மேஜை பிரஸ்ஸில் இல்லை. பேப்பர் வெட்டும் மிஷினுக்குப் பக்கத்தில் கிடந்த குட்டை மேஜையில் வைத்து, மடக்கு நாற்காலி ஒன்றை எதிரே போட்டு, டைப் தெரிந்த ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஜெப ஷீலா ஒரே மாதத்தில் அந்த மிஷினைக் கைக்குள் கொண்டுவந்தாள். திருச்சுழி, நரிக்குடி, வீரசோழன் என்று எல்லாப் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகைகளும் அவள் விரலில்தான் உருவாயின.

தொந்தரவு புள்ளியிலிருந்து ஆரம்பித்தது. அந்தக் காலத்துத் திரையில் தமிழ் எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். மெய்யெழுத்தின் தலையில் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று பார்க்க முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். பெண்ணின் பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் இரண்டு வேன் ஆட்கள் சண்டைக்கு வந்து இறங்குவார்கள். ஆகவே அவள் குனிந்தாள். நெஞ்சு உயரத்தில் இருந்த திரைக்குள் கழுத்தை நீட்டி, முதுகை வளைத்து, தோள்கள் இரண்டும் காதைத் தொடுகிற மாதிரி தூக்கிக்கொண்டு, காலையில் உட்கார்ந்தவள் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள். தலை முன்னே போகப்போக அதன் கனம் கூடியது. ஒரு விரற்கடை முன்னே போனால் ஒரு படி தானியம் ஏறினாற்போல. திங்கட்கிழமை கொஞ்சமாக இருக்கும், சனிக்கிழமைக்குள் நிறைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை சற்றே வடியும், முழுசாக வடியாது.

1996ஆம் வருஷம் முழுக்க அது ஏறிக்கொண்டே போனது. முதலில் அவளுடைய இலவம்பஞ்சுத் தலையணை அப்பளமாகத் தட்டையானது. பிறகு மழை பெய்த கரிசலில் அவள் கால்தடம் மற்றவர்களுடையதைவிட இரண்டு மடங்கு ஆழமாகப் பதிந்தது, கோழிக்குஞ்சுகள் அதில் நின்ற தண்ணீரைக் குடித்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஜெபத்துக்குத் தலை குனிந்தவளால் நிமிர முடியவில்லை. சபை ஐயர் ஆமென் சொல்ல வாயெடுத்தவர் அதைக் கவனித்துவிட்டு, பக்கத்துப் பெண்கள் அவள் தலையைத் தூக்கி நேராக்கும்வரை மழைக்காகவும் ஆடுமாடுகளுக்காகவும் வேண்டுதலை நீட்டிக்கொண்டே போனார். கடைசியில் ஐயாத்துரை அவளை மிளகாய் வத்தல் மண்டிக்குக் கூட்டிப்போய், பெரிய தராசுத் தட்டில் தலையைச் சாய்த்து வைக்கச் சொன்னார். இருபத்தேழு கிலோ இருந்தது. மண்டியில் நின்ற வியாபாரிகள், இந்த வருஷத்து வத்தல் மூட்டையைவிடக் கொஞ்சம் கம்மி என்று பேசிக்கொண்டார்கள். ஜெப ஷீலா வத்தல் நெடியில் தும்மினாள், முள் முப்பதைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

வைத்தியத்துக்குக் குறைவில்லை. டவுன் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு எலும்பு நன்றாக இருக்கிறது என்றார், சதைதான் கல்லாக இறுகியிருக்கிறது என்றார், கழுத்துக்குப் பட்டை கொடுத்தார், மாத்திரை கொடுத்தார், ஒரு மாதம் கம்ப்யூட்டர் பக்கமே போகக்கூடாது என்றும் சொல்லி அனுப்பினார். பக்கத்து வீட்டுச் சந்தனம்மாள், லாரன்ஸ் இல்லாத நேரமாகப் பார்த்து உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். ஐயர் வீட்டுக்கே வந்து எண்ணெய் பூசி ஜெபித்தார். டாக்டர் சொன்னதுதான் பலித்தது. 1997 மே மாதம் வீட்டிலேயே இருந்ததில் தலை பாதியாக இறங்கியது, சாப்பாடு ருசித்தது, தூக்கம் வந்தது. ஜூனில் வேலைக்குப் போனாள், போன வேகத்தில் பழைய கனம் திரும்பிவிட்டது. இதில் புரியாமல் போக ஒன்றுமில்லை. ஒன்று வேலை இருக்க வேண்டும், இல்லை கழுத்து இருக்க வேண்டும்.

"விட்டுரு ஷீலா" என்றான் லாரன்ஸ். "என் சம்பளத்துல கஞ்சியோ கூழோ குடிச்சிக்கிருவோம்."

"கஞ்சிக்காகவா நான் போறேன்? நான் அடிச்ச பத்திரிகைய எத்தன வீட்டுல மஞ்ச தடவிப் பெட்டிக்குள்ள வச்சிருக்காக தெரியுமா? நான் உக்காந்தாத்தான் அந்த மிஷினு தமிழ் பேசும்னு ஐயாத்துரை அண்ணாச்சி சொல்றாக. அத விட்டுட்டு வீட்டுல உக்காரச் சொல்றீகளே."

"நீ கழுத்து ஒடிஞ்சு கெடந்தா நானும் ஈவாவும் என்ன செய்யிறது? அதச் சொல்லு."

அந்தப் பேச்சு நடந்த கொஞ்ச நாளில், வேலை முடிந்து வந்தவளைப் பார்த்து ஈவா வாசலிலிருந்து ஓடிவந்தாள். பிள்ளையைத் தூக்கக் குனிந்தவளைத் தலை அப்படியே முன்னே இழுத்துக்கொண்டு போனது. பிள்ளை சறுக்கி ஒதுங்கிவிட்டாள். ஜெப ஷீலாவின் நெற்றி தரையில் பட்ட இடத்தில் சிமெண்டு நட்சத்திரம்போல வெடித்தது. அவளுக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால் பிள்ளை ஒரு அடி இந்தப் பக்கம் இருந்திருந்தால் என்ற நினைப்பு அவளைப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து ஈவா கிட்டே வந்தாலே அவள் சுவரோரமாக ஒதுங்கினாள். அம்மா ஏன் தள்ளிப் போகிறாள் என்று விளங்காமல் பிள்ளை விரலைச் சப்பிக்கொண்டு நின்றது. ஐயாத்துரையிடம் போய், கார்த்திகை முகூர்த்தப் பத்திரிகைகளை முடித்துக் கொடுத்துவிட்டு நின்றுகொள்கிறேன் என்று சொன்னாள். ஐயாத்துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

அந்த ஐப்பசியில் மழை வெளுத்து வாங்கியது. ஒரு மத்தியானம் தெருத் தண்ணீர் பிரஸ்ஸுக்குள் புகுந்து முழங்காலுக்கு ஏறியது. ஐயாத்துரையும், பிரஸ்ஸைக் கூட்டிப் பெருக்கும் மூக்கம்மாளும் சேர்ந்து கைக்குக் கிடைத்த பேப்பர் பண்டல்களைக் குட்டை மேஜைமேல் அடுக்கி, திரையைத் தூக்கி அதன் உச்சியில் வைத்தார்கள். மடக்கு நாற்காலி தண்ணீரோடு போய்விட்டது. மறுநாள் காலையில் ஜெப ஷீலா வந்தபோது, நரிக்குடியிலிருந்து சுந்தரபாண்டி என்ற வெள்ளாமைச் சம்சாரி தன் மகள் கல்யாணப் பத்திரிகைக்காக வந்து சேற்றில் நின்றுகொண்டிருந்தார். முகூர்த்தம் நெருங்கிவிட்டது, வெள்ளத்தில் பஸ் எப்போது நிற்குமோ தெரியாது, உடனே வேண்டும் என்று பறந்தார். திரையை இறக்கி வைக்க யாருக்கும் நேரமில்லை. முன்னறையில் கிடந்த மரநாற்காலியை இழுத்துப் போட்டு, கால் சேற்றில் படாமல் இரண்டு செங்கல்லை வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள்.

திரை அவள் கண்ணுக்கு நேரே இருந்தது. பழக்கத்தில் கழுத்தை நீட்டினால், மேலே தொங்கிய குண்டு பல்பு திரையில் அடித்துக் கண் கூசியது. எழுத்தே தெரியவில்லை. பின்னால் சாய்ந்து உட்கார்ந்தால் கூச்சம் இல்லை, ஆனால் எழுத்து பொடிசாக இருந்தது. எழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்க அந்த மிஷினில் வழி உண்டு என்று அவளுக்குத் தெரியும், இத்தனை நாள் அதற்குத் தேவை வந்ததில்லை. இப்போது பெரிதாக்கினாள். புள்ளி ஒவ்வொன்றும் கடுகளவுக்குத் தெரிந்தது. முதுகு நாற்காலியில் படிய, தோள் இரண்டும் தாமாக இறங்க, அவள் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தாள்.

சுந்தரபாண்டிதான் முதலில் பார்த்தார். "தாயி, ஓம் மேலருந்து என்னமோ உதுருது" என்றார். பிடரியிலிருந்து இரண்டு தோள் வழியாகவும் சாம்பல் நிறத்தில் ஒரு தூள் இறங்கிக்கொண்டிருந்தது. சாக்கு கிழிந்து கம்பு கொட்டுகிற சத்தம் கேட்டது. மூக்கம்மாள் விளக்குமாறோடு ஓடிவந்து நின்றாள். ஐயாத்துரை மிஷினை நிறுத்தச் சொன்னார், ஜெப ஷீலா நிறுத்தவில்லை. வலிக்கவில்லை, பயமாகவும் இல்லை. யாரோ பின்னாலிருந்து ஒவ்வொரு பாரமாக இறக்கி வைக்கிற மாதிரி இருந்தது. மணமகளின் பெயரை அடித்து முடித்தபோது கொட்டுவது நின்றது. நாற்காலியைச் சுற்றித் தரை கொஞ்சம் அமுங்கியிருந்தது. அவள் தலையை மெல்லப் பின்னுக்குச் சாய்த்து மேலே பார்த்தாள். மின்விசிறி தெரிந்தது, அதில் சிலந்தி கட்டிய கூடு தெரிந்தது. ஒன்றரை வருஷத்தில் முதல்தடவையாக மேலே பார்க்கிறாள். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அதுவரை பறந்துகொண்டிருந்த சுந்தரபாண்டி துண்டை விரித்து ஒரு பண்டல்மேல் உட்கார்ந்தார். "அழுது முடிச்சிட்டு மெதுவா அடி தாயி. ஒண்ணும் அவசரமில்ல" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டு வாசலில் ஈவா தயங்கி நின்றாள். ஜெப ஷீலா கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். பிள்ளை நம்பாமல் ஓரடி வந்து, இன்னும் ஓரடி வந்து, பிறகு ஒரே ஓட்டமாக வந்து விழுந்தது. தூக்கி இடுப்பில் வைத்தவள் இறக்கவே இல்லை. உலை வைத்தது, விளக்குப் பொருத்தியது எல்லாம் பிள்ளையோடுதான். ஷிப்ட் முடிந்து வந்த லாரன்ஸ் அடுப்படி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "எங்க போச்சு?" என்று மட்டும் கேட்டான்.

"பிரஸ்ல கெடக்கு" என்றாள் அவள்.

வேலையை அவள் விடவில்லை. பேப்பர் பண்டலுக்குப் பதிலாக ஐயாத்துரை கண் உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி அடித்துக் கொடுத்தார், செங்கல்லுக்குப் பதிலாக ஒரு மணை. ஒரு பத்திரிகை முடிந்ததும் எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பாள், தோளை முன்னும் பின்னும் சுற்றுவாள், வாசலில் நின்று தெருவைப் பார்ப்பாள். முகூர்த்த நெருக்கடியில் மறந்து குனிந்துவிட்டால் ஒரு படியளவு கனம் ஏறத்தான் செய்தது. மோவாயை உள்ளே இழுத்து நிமிர்ந்தால் அதுவும் உதிர்ந்துவிடும். டாக்டர் கேள்விப்பட்டு, ஒருநாள் பிரஸ்ஸுக்கே வந்து நாற்காலியையும் பெட்டியையும் அளந்து பார்த்து, நல்லது, இப்படியே இருங்கள் என்று சொல்லிவிட்டு, மகளின் பூப்புனித நீராட்டுப் பத்திரிகைக்கு ஆர்டரும் கொடுத்துவிட்டுப் போனார்.

உதிர்ந்த தூளை மூக்கம்மாள் கூட்டி அள்ளினாள். கையகலச் சுருக்குப்பையில் கட்டினால்கூட ஒரு அம்மிக்குழவி கனம் இருந்தது. குப்பையில் கொட்ட அவளுக்கு மனசு வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் திருச்சுழி ரோட்டில் இருந்த தன் ஊருக்குக் கொண்டுபோய், துணியில் முடிந்து கூரையோரமாகக் கட்டித் தொங்கவிட்டாள். அடுத்த வருஷம் ஆடிக்காற்று அடித்தபோது அந்தத் தெருவில் ஓலையும் தகரமும் பறந்து கண்மாய்க்குள் கிடந்தன, மூக்கம்மாள் கூரையில் ஒரு கீற்றும் அசையவில்லை. தெருக்காரர்கள் வந்து கேட்டார்கள். அவள் ஜெப ஷீலாவிடம் வந்து கேட்டாள்.

"தாயி, ஒரு ரெண்டு நாளு பழயபடி குனிஞ்சு உக்காரேன். ஏழு வீட்டுக்கு வேணும்."

"ஆத்தாடி, என்னால ஏலாதுக்கா" என்று சிரித்தாள் ஜெப ஷீலா. "பஜார்ல புதுசா கம்ப்யூட்டர் சென்டரு தொறந்திருக்காக, போயிப் பாருங்க. பூராப் பேரும் குனிஞ்சுதான் கெடக்காக."

மூக்கம்மாள் போய்ப் பார்த்தாள். உண்மைதான். அந்த வாரமே அங்கே கூட்டிப் பெருக்கும் வேலையை வாங்கிக்கொண்டாள், பிறகு அடுத்த சென்டரிலும், அதற்கடுத்ததிலும். விளக்குமாறும் முறமுமாக நாற்காலிகளுக்குப் பின்னால் நின்று, படிக்க வந்த பிள்ளைகளின் தோளில் தட்டி, "நிமிந்து உக்காருங்கய்யா, நிமிருங்கம்மா" என்பாள். நிமிர்வார்கள், உதிரும், அள்ளிக்கொள்வாள். 1999 ஆடியில் திருச்சுழிப் பக்கம் ஒரு கூரையும் பறக்கவில்லை.