எழுநூறு மீட்டர்

அமெரிக்காவின் மேரிலாந்தில், வலை கட்டிய மட்டையால் பந்தை ஏந்தி எறிந்து கோல் அடிக்கும் லக்ராஸ் ஆட்டத்துக்கான ஒரு கல்லூரிப் பெண்கள் அணியில் எனக்கு வேலை எண்களை ஒப்பிடுவது. வீராங்கனைகளின் முதுகில் கட்டிய கருவி, ஓட்டத்தை என் கணினிக்கு அனுப்பும். ஒரு போட்டியில் நடுக்களத்தினர் ஒவ்வொருவரும் மொத்தம் எழுநூறு மீட்டர் முழுவேகத்தில் ஓடினர். பயிற்சியில் நானூற்றைத் தாண்டவில்லை. ஒவ்வொரு தவறுக்கும் விசில் ஊதி நிறுத்துவதே காரணம் என்று அறிக்கை கொடுத்தேன். அறிக்கையில் பிழையில்லை.

பயிற்சியாளர் விட்காம் அணியைக் கூட்டினார்.

"இன்னிக்கு விசில் கிடையாது. நடுக்களத்துல ஓர் இடம் காலி. எழுநூறைத் தொடுறவ சனிக்கிழமை போட்டியில முதல்ல இறங்குவா."

போட்டியிட்டவர் இருவர்: இரண்டாம் ஆண்டு கோரின், இறுதியாண்டு டெலேனி. நான்கு ஆண்டுகளில் டெலேனி ஒருமுறையும் முதலில் இறங்கியதில்லை. சனிக்கிழமைக்குப் பின் போட்டியே இல்லை.

பெண்கள் ஆட்டத்தில் தலைக்கவசம் கிடையாது. கண்ணுக்குக் கம்பிக்கூடு மட்டுமே. தலைகளை அதுவரை காத்தது விசில்தான் என்பது பத்தாம் நிமிடத்தில் விளங்கிற்று. கோரினின் மட்டை டெலேனியின் காதில் இறங்கியது. ஆட்டம் நிற்கவில்லை.

"ஏய் ஆமை, காது கேக்குதாடி?" என்றாள் கோரின், ஓடிக்கொண்டே.

அடுத்த பந்துக்கு இருவரும் குனிந்தபோது டெலேனியின் முழங்கை கோரினின் வாயில் பாய்ந்தது. பற்காப்பு ரத்தத்தோடு புல்லில் விழுந்தது. கோரின் அதை எடுத்துச் சட்டையில் துடைத்து, மீண்டும் கடித்துக்கொண்டு ஓடினாள். சற்று நேரத்தில் கோலும் அடித்தாள்.

"பாட்டி, வீட்டுக்குப் போ!"

எல்லோரும் நின்றார்கள். களத்தின் மறுபாதியில் நின்ற டெலேனி மட்டும் ஓடத் தொடங்கினாள். அறுபது மீட்டர், முழுவேகம். இரு கைகளாலும் பிடித்த மட்டையைத் திரும்பி நின்ற கோரினின் தோளில் இறக்கினாள். எலும்பு முறிந்த ஓசை களத்தோரம் இருந்த என் மேசைவரை கேட்டது.

கோரின் இன்னும் அலறிக்கொண்டிருந்தாள். டெலேனி நேராக என்னிடம் வந்தாள்.

"எவ்வளவு?"

திரையில் எழுநூற்று இருபத்தொன்று. கடைசி அறுபதை வெட்டினேன்.

"அறுநூத்தி அறுபத்தொண்ணு."

"பொய் சொல்றீங்க! இப்ப ஓடினேனே, அது?"

"பந்து வலைக்குள்ள கிடந்துச்சு, டெலேனி. அது ஆட்டமில்ல."

"ஓட்டந்தானே?"

மட்டையின் முதல் அடி திரையில் விழுந்தது. இரண்டாவது என் மணிக்கட்டில்.