மொட்டை தொட்ட மெஷின்

மூக்குக் கண்ணாடிக்கடைக்காரருக்குக் காதில் விழக் கூடாத ஒரே சொல் 'மொட்டை'. அவருடைய உச்சந்தலைதான் அதற்குக் காரணம் என்று கடைக்கு வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். தலையில் முடி எண்ணிவிடும்படி இருந்தது உண்மைதான். ஆனால் விஷயம் வேறு. மொட்டை என்பது அவர் மனைவியின் அத்தை மகன். சின்ன வயதில் தலை நிறையப் பேன் பிடித்து, அவன் அம்மா மழுங்க வழித்துவிட்ட நாளில் இவர் மனைவி வைத்த பெயர். இப்போது அவனுக்குக் காடு மாதிரி முடி. இருந்தாலும் அவளுக்கு அவன் மொட்டைதான்.

அத்தை மகன் என்றால் இவருக்குத் தம்பி முறை. அவனும் வாய் நிறைய 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவான். என்ன இருந்தாலும், இவளைக் கட்டியிருக்க வேண்டிய தம்பி. பெரியவர்கள் பேசி வைத்திருந்தார்கள்; பிறகு அது எப்படியோ தட்டிப்போயிற்று. எப்படி என்று இவர் கேட்டதே இல்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

அவன் எங்கோ தூரத்தில் இருந்தவரை இந்தப் பொறாமையும் ஒரு மூலையில் தூங்கிக்கொண்டிருந்தது. லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவனை இந்த வருஷம் இவர்கள் ஊருக்கே மாற்றிவிட்டார்கள். பெண்டாட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடப் பரீட்சை முடியட்டும் என்று விட்டுவிட்டு, அவன் மட்டும் முன்னால் வந்து அறை எடுத்துத் தங்கியிருந்தான்.

அந்த நேரம் பார்த்துப் பாத்திரம் கழுவும் மெஷின் படுத்துக்கொண்டது. கல்யாணமான புதிதில் வாங்கியது. கழுவி முடித்த பிறகும் அடியில் அழுக்குத் தண்ணீர் குளம் கட்டி நிற்கும். கதவைத் திறந்தால் நாற்றம் குடலைப் பிடுங்கும். தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கிவிடலாம் என்றார் இவர். குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்துவிட்டு அலுத்துச் சலித்து வரும் மனைவி சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தார்.

அவளோ, நல்லா உழைச்ச மெஷின், ஒரு தடவை திறந்து பார்க்காமல் எப்படித் தூக்கிப் போடுவது என்றாள். "மொட்டையைக் கேட்டுப் பார்க்கிறேன்" என்று போனை எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தான். சட்டைக் கையை மடித்துவிட்டுச் சமையலறைத் தரையில் மல்லாந்து படுத்தான். அவள் பக்கத்தில் குந்தி டார்ச் பிடித்தாள். கூடத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. காது முழுக்க அங்கேதான். "அங்கே இல்லடா, இப்படித் திருப்பு", "நீ டார்ச்சை ஒழுங்கா பிடி, அப்புறம் என்னைச் சொல்லு", பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரிப்பு. அவர்களுக்குப் பாதி வாக்கியமே போதுமாயிருந்தது. இவரிடம் அவள் ஒருநாளும் இப்படிப் பேசியதில்லை. 'நீங்க', 'வாங்க', 'சாப்பிடுங்க' என்று மரியாதைக்குக் குறைவில்லை. அந்த மரியாதை மேல் அன்றைக்குத்தான் முதல் தடவையாக எரிச்சல் வந்தது.

தண்ணீரை வெளியேற்றும் பம்பு போயிருந்தது. பழைய சாமான் கடையில் பொருத்தமான ஒன்றைத் தேடிப் பிடித்து மாற்றிவிட்டான். மெஷின் ஓடியது. கூலி என்று பேச்சை எடுத்ததற்கே கோபித்துக்கொண்டான். உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போனான். அந்த வாரம் முழுக்க அவள் தட்டு எடுக்கும்போதும் தட்டு வைக்கும்போதும் அதே பாட்டுத்தான்: மொட்டை கை வைத்தால் வைத்ததுதான். கண்ணாடிக்கடைக்காரர் சோற்றை அப்படியே முழுங்கினார்.

ஒருநாள் காலை அவள் குளிக்கப் போன சமயம் அவர் மெஷின் முன்னால் நின்றார். என்ன செய்யப்போகிறோம் என்று அவருக்கே தெளிவாகத் தெரியவில்லை. கை சட்டைப்பையைத் துழாவியது. மூக்குக் கண்ணாடியில் மூக்கின் மேல் உட்காருகிற ரப்பர் குமிழ் ஒன்று அகப்பட்டது; கடையில் மாற்றிப் போட்ட பழசு. அடியில் இருந்த வடிகட்டியைத் திருகி எடுத்து, அந்தக் குமிழை உள்ளே போட்டு, வடிகட்டியை மறுபடி மாட்டிவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி கடைக்குப் போனார்.

மாலையில் வந்தபோது மெஷின் வண்டு மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டு நின்றது. தண்ணீர் இறங்கவில்லை.

"நான்தான் சொன்னேனே, பழசைத் தட்டிக் கொட்டி எத்தனை நாள் ஓட்டுறது?" என்றார்.

அவள் உடனே போனை எடுத்தாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எவன் வரக் கூடாது என்று இதைச் செய்தாரோ, அவனுக்குத் தானே வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பு விட்ட மாதிரி ஆகிவிட்டது. வந்தான், கழற்றினான், எதையோ எடுத்து வீசினான், மாட்டினான். மறுபடியும் டார்ச், மறுபடியும் சிரிப்பு, மறுபடியும் சாப்பாடு.

அத்தோடு விட்டிருக்கலாம். விடுகிற மனசாக இருந்தால் அது ஏன் இந்தப் பாடு படுத்தப்போகிறது? இந்த முறை வசமாக மாட்ட வேண்டும், அவன் கையை விரிக்க வேண்டும் என்று இரண்டு குமிழ்களைப் போட்டார். புது மெஷின் விற்கும் கடைக்கும் போய் ஒன்றைப் பார்த்து வைத்துவிட்டு வந்தார்.

அவன் வந்தபோது அவள் காப்பகத்தில் இருந்தாள். கதவைத் திறந்துவிட இவர் மட்டும்தான். டார்ச்சும் இவர்தான் பிடிக்க வேண்டியதாயிற்று. அவன் மெஷினைச் சாய்த்து, பம்பைப் பிரித்து, விசிறிக்கு அடியில் விரலைவிட்டு நோண்டினான். இரண்டு குமிழ்களையும் எடுத்துத் துடைத்து, கீழே விரித்திருந்த துணியின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். நிமிர்ந்து இவர் முகத்தைப் பார்த்தான். இவர் டார்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன தடவையும் இதேதான் இருந்தது" என்றான். "தவறி விழுந்திருக்கும்னு நினைச்சேன்."

இவருக்குக் காது மடல் சுட்டது.

"நான் வர்றது பிடிக்கலைன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணே. மெஷின் என்ன பாவம் பண்ணிச்சு?"

அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் இவரும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பார். அவன் பம்பை மாட்டி, மெஷினை ஓடவிட்டுப் பார்த்து, கையைக் கழுவினான். அவளிடம் முட்டை ஓடு சிக்கியிருந்தது என்று சொல்லிவிடுவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினான். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அந்த முட்டை ஓட்டைத்தான் கண்ணாடிக்கடைக்காரரால் செரிக்க முடியவில்லை. இனி வாழ்நாள் பூராவும் அவன் காப்பாற்றித் தந்த மானத்தோடு அல்லவா நடமாட வேண்டும்? அதற்கு அவளிடமே வசவு வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது. அவள் வந்து செருப்பைக் கழற்றும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள். காப்பகத்தில் நாள் முழுக்கக் குழந்தைகள் எச்சில் தட்டு கழுவிவிட்டு, வீட்டுக்கு வந்து இங்கேயும் கழுவினேனே, அது இதனால்தானா என்றாள். ஆமாம் என்றார். பையோடு உள்ளே போனாள்.

கொஞ்ச நேரம் கழித்து, இத்தனை வருஷம் கேட்காததை அவர் கேட்டார். "அந்தக் கல்யாணம் ஏன் நின்னுபோச்சு?"

"அவன்தான் வேண்டாம்னான். இப்ப இருக்கிற பொண்ணு மேலதான் அவனுக்கு இஷ்டம்."

"நீ சரின்னிருப்பியா?"

அவள் யோசித்துத்தான் சொன்னாள். "சரின்னிருப்பேன். பொய் சொல்ல மாட்டேன். அப்ப அழுதேன்கூட. அப்புறம் நீங்க வந்தீங்க. எனக்கு அது போதுமா இருக்கு. உங்களுக்குத்தான் போதலை."

அதில் எந்தப் பாதி தன்னை அதிகம் குத்தியது என்று அவருக்குப் பிரிக்கத் தெரியவில்லை. ஒரு மாதம் பாத்திரம் உங்கள் பொறுப்பு, மெஷினைத் தொடக் கூடாது என்று அவள் தண்டனை போட்டாள். சரி என்று ஏற்றுக்கொண்டார். விரல் நுனிகள் சுருங்கி, கடையில் கண்ணாடியைத் துடைக்கும்போது வழுக்கின.

பரீட்சை முடிந்து அவனுடைய குடும்பமும் வந்து சேர்ந்தது. ஒருநாள் அவன் தயங்கித் தயங்கிக் கடைக்குள் நுழைந்தான். கொஞ்ச நாளாகச் சின்ன எழுத்து மங்கலாகத் தெரிகிறதாம். இவர் உட்காரவைத்து எழுத்துப் பலகையை மாட்டினார். அவன் கண்களுக்கு இவ்வளவு பக்கத்தில் இவர் வந்தது அன்றைக்குத்தான். கண்ணாடி போட்டே ஆக வேண்டியிருந்தது. அதில் ஒரு அற்பச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதை அவர் மறைக்கவும் முயலவில்லை.

பிரேம் எடுக்கும்போது கை முதலில் ஒரு தடித்த பழுப்பு பிரேமின் மேல் போனது. அதைப் போட்டால் யாராக இருந்தாலும் ஆந்தைதான். ஒரு நிமிஷம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்ப வைத்துவிட்டு, அவன் முகவெட்டுக்கு ஏற்ற மெல்லிய கறுப்பு பிரேமை எடுத்து மாட்டிவிட்டார். அவன் முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்து முடியைக் கோதிக்கொண்டான்.

"நல்லா இருக்காண்ணே?"

"இருக்கு" என்றார். நிஜமாகவே நன்றாக இருந்தது. முன்னைவிட லட்சணமாக. வயிறு மறுபடி எரிந்தது.

"ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கூட்டிக்கிட்டுச் சாப்பிட வந்திரு" என்றார்.